பெருக்கவா, வகுக்கவா?

தங்கை மகள் இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு படிக்கிறாள். விழுப்புரத்தில் எங்கள் வீடும் அவர்கள் வீடும் ஒரே தெருவில் இருப்பதால், மாலையில் விளக்கு வைத்த பிறகு கணக்கு நோட்டோடு வந்து உட்கார்ந்துவிடுவாள். மற்றப் பாடங்களில் அவளுக்கு யாருடைய துணையும் வேண்டியதில்லை. இயற்கணிதத்தில்கூட, காரணிப்படுத்து என்றோ தீர்வு காண் என்றோ நேராகக் கேட்டுவிட்டால் தடுமாறாமல் போட்டுவிடுவாள். ஆனால் அதே சமன்பாட்டை ஒரு பேருந்திலோ ரயிலிலோ ஏற்றி, நான்கு வரி வாக்கியமாகக் கொடுத்துவிட்டால் பேனா நின்றுவிடும். அப்போது அவள் என்னிடம் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்: “மாமா, இதுல பெருக்கணுமா, வகுக்கணுமா?”

அவள் மட்டுமல்ல, ரயில்வே தேர்வுக்குப் படிக்கும் பட்டதாரிப் பிள்ளைகளும் என்னிடம் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். கேள்வி தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அது முந்திக்கொண்டு வந்துவிடும் கேள்வி. யார் நகர்கிறார்கள், எப்போது நகரத் தொடங்கினார்கள், கணக்கில் எது எதற்குச் சமம் என்பதெல்லாம் தெளிந்த பிறகு, பெருக்குவதா வகுப்பதா என்பதைக் கேட்க வேண்டிய தேவையே பெரும்பாலும் இருக்காது. வேகம், தொலைவு, நேரம் பற்றிய வாக்கியக் கணக்குகளில் பிள்ளைகள் தோற்பது இயற்கணிதத்தில் அல்ல, வாசிப்பில் என்பது பல மாலைகளை இந்தக் கணக்குகளோடு கழித்த பிறகு எனக்கு உறுதியாகிவிட்டது.

பள்ளியில் ஒரு முக்கோணம் சொல்லித் தருகிறார்கள். தொலைவு மேலே, வேகமும் நேரமும் கீழே. வேண்டியதை விரலால் மறைத்துக்கொண்டால் மீதி இரண்டும் எப்படி நிற்கின்றனவோ அதுவே சூத்திரம். ஒருவர் மட்டும், ஒரே வேகத்தில், ஒரே முறை பயணம் செய்கிற கணக்குக்கு இது போதும். இரண்டு வண்டிகள் வந்துவிட்டாலோ, ஒரே வண்டி போகும்போது ஒரு வேகத்திலும் திரும்பும்போது வேறு வேகத்திலும் ஓடினாலோ, எந்த வேகத்தோடு எந்த நேரத்தைச் சேர்ப்பது என்பதை அந்த முக்கோணம் சொல்லாது. அதனால் முதல் வண்டியின் வேகத்தை இரண்டாம் வண்டியின் நேரத்தால் பெருக்கிவிட்டு, விடை ஏன் வரவில்லை என்று பிள்ளைகள் விழிக்கிறார்கள்.

நான் முக்கோணத்தை எடுத்து வைத்துவிட்டு, ‘மணிக்கு’ என்ற சொல்லிலிருந்து தொடங்கினேன். கிலோவுக்கு 48 ரூபாய் என்றால் மூன்று கிலோ என்ன விலை என்று கேட்டால், காய்கறிக் கடைக்குப் போய்வரும் எந்தப் பிள்ளையும் பெருக்கவா வகுக்கவா என்று திருப்பிக் கேட்பதில்லை. மணிக்கு 48 கிலோமீட்டர் என்பதும் அதே அமைப்பில் உள்ள சொற்றொடர்தான். ஒரு மணி நேரத்துக்கு 48 கிலோமீட்டர் என்றால் மூன்று மணி நேரத்துக்கு மூன்று மடங்கு. 192 கிலோமீட்டர் போக எத்தனை மணி நேரம் ஆகும் என்பது, 192 ரூபாய்க்கு எத்தனை கிலோ கிடைக்கும் என்ற கேள்வியேதான். ‘கு’ என்ற அந்த ஒரு வேற்றுமை உருபுக்குள் மூன்று சூத்திரங்களும் அடங்கியிருக்கின்றன. வேகம் என்பது ஒரு விகிதம் என்பதைப் பிள்ளைகளின் காதில் ஏற்கெனவே விழுந்துகொண்டிருக்கும் மொழியே சொல்லித் தருகிறது.

அதே மொழி இன்னோரிடத்தில் காலை வாரியும் விடுகிறது. “ஒரு பேருந்து காலை 6 மணிக்குப் புறப்பட்டு, மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் 3 மணி நேரம் செல்கிறது” என்ற வாக்கியத்தில் ‘மணி’ மூன்று முறை வருகிறது. முதலில் வருவது கடிகாரம் காட்டும் நேரம், இரண்டாவது வேகத்தின் அலகு, மூன்றாவதுதான் பயணம் நீடித்த கால அளவு. வேகமாகப் படிக்கும் பிள்ளையின் கண்ணுக்கு மூன்றும் ஒன்றுபோலத் தெரிகின்றன. முதல் வாரத்தில் என் தங்கை மகள் 6-ஐ 60-ஆல் பெருக்கி 360 என்று எழுதியதற்குக் காரணம் இதுதான். இதைக் கவனக்குறைவு என்று திட்டியிருந்தால் நான் பெரிய தவறு செய்திருப்பேன். அன்று முதல் கணக்கைப் படிக்கும்போதே, கடிகார நேரத்தைச் சுற்றி வட்டம், வேகத்தைச் சுற்றிக் கட்டம், கால அளவின் கீழ்க் கோடு என்று பென்சிலால் குறித்துக்கொள்ளும்படி சொன்னேன். வட்டமிட்ட எண்களை எதனோடும் பெருக்கக் கூடாது. ஒரு வட்டத்திலிருந்து இன்னொரு வட்டத்தைக் கழித்தால்தான் கால அளவு கிடைக்கும். இந்தச் சின்ன வேலைக்கு ஆகும் அரை நிமிடம், பின்னால் பத்து நிமிடங்களை மிச்சப்படுத்துகிறது.

ஒரு கணக்கை முழுமையாகப் பார்க்கலாம். திருச்சியிலிருந்து சென்னை நோக்கி ஒரு லாரி காலை 6 மணிக்கு, மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் கிளம்புகிறது. அதே சாலையில் 7.20-க்கு ஒரு பேருந்து மணிக்கு 65 கி.மீ. வேகத்தில் கிளம்புகிறது. பேருந்து லாரியை எப்போது, எங்கே எட்டிப் பிடிக்கும்? இடையில் இரண்டும் எங்கும் நிற்கவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

இந்தக் கணக்கில் மாறியை எழுதுவதற்கு முன், நோட்டின் மேல் வரியில் தமிழில் ஒரு வாக்கியம் எழுத வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ‘எட்டிப் பிடிக்கும் இடத்தில், லாரி கடந்த தொலைவும் பேருந்து கடந்த தொலைவும் சமம்’ என்பதே அந்த வாக்கியம். இரண்டும் ஒரே இடத்திலிருந்து கிளம்பி ஒரே இடத்தில் சந்திப்பதால் தொலைவு சமம். கிளம்பிய நேரம் வேறு என்பதால் ஓடிய நேரம் சமமில்லை. சமன்பாடு என்பது இந்த வாக்கியத்தைக் குறியீடுகளில் திருப்பி எழுதுவது மட்டுமே. ‘சமம்’ என்ற சொல் வரும் வாக்கியத்தை ஒரு பிள்ளையால் எழுத முடியவில்லையென்றால், அந்தப் பிள்ளை எத்தனை சூத்திரங்களை மனப்பாடம் செய்திருந்தாலும் கணக்கு நகராது. எழுதிவிட்டால், மீதி வேலையை ஏழாம் வகுப்புப் பிள்ளையும் செய்துவிடும்.

அடுத்தது மாறி. வகுப்பில் எக்ஸ் என்று எழுதுவதை வீட்டில் நாங்கள் நேரத்துக்கு ‘ந’ என்றும் வேகத்துக்கு ‘வ’ என்றும் எழுதுகிறோம். எழுத்து எதுவாக இருந்தாலும், அது யாருடைய நேரம் என்பதை அருகில் சொல்லாக எழுதியாக வேண்டும். பேருந்து 1 மணி 20 நிமிடம், அதாவது 4/3 மணி நேரம், தாமதமாகக் கிளம்புகிறது. லாரி ஓடிய நேரம் ‘ந’ என்று வைத்தால், பேருந்து ஓடிய நேரம் ந − 4/3; சமன்பாடு 45ந = 65(ந − 4/3). பேருந்து ஓடிய நேரம் ‘ந’ என்று வைத்தால், 45(ந + 4/3) = 65ந. இரண்டாவதில் இடப்பக்கம் 45ந + 60 என்று அழகாக விரிந்து, 20ந = 60, ந = 3 என்று உடனே முடிந்துவிடுகிறது. முதலாவதில் 260/3 என்ற பின்னத்தைச் சுமந்துகொண்டு 13/3 என்ற விடைக்கு வர வேண்டும். இரண்டும் சரிதான்: பேருந்து கிளம்பி 3 மணி நேரம் கழித்து, அதாவது 10.20-க்கு, திருச்சியிலிருந்து 195 கிலோமீட்டரில் பிடிக்கிறது. அது எங்கள் ஊரைத் தாண்டி, திண்டிவனம் வருவதற்குச் சற்று முன்னால் உள்ள இடம். முதல் வழியில் வரும் 13/3 என்பது 3 அல்லவே என்று குழம்புபவர்கள், அது லாரியின் நேரம் என்பதை மறந்தவர்கள். அருகில் சொல்லாக எழுதி வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

இந்தக் கணக்கை முதன்முதலில் கொடுத்தபோது அவள் வேறொரு விடை கொண்டுவந்தாள். 6 மணிக்கும் 7.20-க்கும் இடையில் 1.20 மணி நேரம், 1.20-ஐ 45-ஆல் பெருக்கினால் 54. அதை 65 − 45, அதாவது 20-ஆல் வகுத்தால் 2.7, ஆகவே 2 மணி 70 நிமிடம். நோட்டில் அந்த 70-ஐப் பார்த்ததும் அவளுக்கே ஏதோ உறுத்தியிருக்கிறது. அதைச் சுற்றி மெல்லிய கேள்விக்குறி போட்டிருந்தாள். ஒரு மணிக்கு அறுபது நிமிடம் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. கடிகாரத்தில் 7.20 என்று புள்ளி வைத்து எழுதுகிற பழக்கம்தான் குற்றவாளி. அந்தப் புள்ளி தசமப் புள்ளி அல்ல. இருபது நிமிடம் என்பது 0.20 மணி அல்ல, மூன்றில் ஒரு மணி. நான் 1 மணி 20 நிமிடம் என்பதை 80 நிமிடம் என்று எழுதி, 80/60 என்று வகுத்து, 4/3 என்று சுருக்கும் வழியைத்தான் எல்லோருக்கும் சொல்கிறேன். தசமத்தில் 1.333 என்று எழுதினால் கடைசி வரை ஒட்டிக்கொண்டு வந்து தொல்லை தரும். பின்னமாகவே வைத்திருந்தால் 45-இல் உள்ள மூன்றோடு தானே அடிபட்டுப் போய்விடும்.

சமன்பாடே இல்லாமலும் இதைப் போடலாம். பேருந்து கிளம்பும்போது லாரி 60 கிலோமீட்டர் முன்னால் இருக்கிறது; ஒவ்வொரு மணி நேரத்திலும் அந்த இடைவெளி 65 − 45, அதாவது 20 கிலோமீட்டர் குறைகிறது; 60-ஐ 20-ஆல் வகுத்தால் 3. ஒரே திசையில் போனால் வேகங்களின் வித்தியாசம், எதிரெதிரே வந்தால் வேகங்களின் கூடுதல் என்கிற இந்தச் சார்பு வேக விதி மிகப் பழையது. கி.பி. 499-ஆம் ஆண்டைத் தன் இருபத்து மூன்றாம் வயதாகக் குறிப்பிடும் வானியலாளர் ஆரியபடர், தன் நூலான ஆரியபடீயத்தில் கணிதபாதம் என்ற பகுதியில் உள்ள 33 செய்யுள்களில் 31-ஆவது செய்யுளை இதற்காகவே ஒதுக்கியிருக்கிறார். எதிர்த்திசையில் செல்லும் இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவை வேகங்களின் கூடுதலாலும், ஒரே திசையில் செல்லும் இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவை வேகங்களின் வித்தியாசத்தாலும் வகுத்தால், அவை சந்தித்துக் கடந்துபோன காலமோ இனிச் சந்திக்கப்போகும் காலமோ கிடைக்கும் என்கிறது அந்தச் செய்யுள். ‘கடந்துபோன காலமோ’ என்பதையும் சேர்த்துச் சொல்லியிருப்பதுதான் என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்துகிறது. கோள்கள் ஒன்றையொன்று நெருங்கி விலகுவதைக் கணிப்பவருக்கு, சந்திப்பு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதும் தெரிந்தாக வேண்டும். லாரியும் பேருந்தும் அந்தக் கணக்கில் மிகவும் பிற்பாடு வந்து ஏறிக்கொண்டவை.

ரயில் கணக்குகளில் சிக்கல் வேறு விதமானது. அங்கே நகரும் பொருளுக்கு நீளம் உண்டு. ரயில் ஒரு கம்பத்தைக் கடக்க எடுக்கும் நேரத்தில் அது தன் நீளத்துக்குச் சமமான தொலைவு நகர்கிறது. நடைமேடையைக் கடக்கும்போது தன் நீளமும் நடைமேடையின் நீளமும் சேர்ந்த தொலைவு நகர்கிறது. இதை எத்தனை முறை சொன்னாலும் ‘நடைமேடையைத்தானே கடக்கிறது, ரயிலின் நீளத்தை ஏன் கூட்ட வேண்டும்’ என்ற கேள்வி வந்துகொண்டே இருந்தது. ஒருநாள் அவளுடைய ஜியாமெட்ரி பெட்டியை மேசையில் வைத்து, 15 சென்டிமீட்டர் அளவுகோலை அதன் ஓரமாக ரயில்போல நகர்த்தச் சொன்னேன். அளவுகோலின் முன்முனை பெட்டியின் தொடக்கத்தைத் தொட்ட இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. வால்முனை பெட்டியை விட்டு வெளியேறியபோது முன்முனை நின்ற இடத்தில் இன்னொரு புள்ளி. இரண்டு புள்ளிகளுக்கும் இடையே அளந்து பார்த்துவிட்டு, “பெட்டியும் ஸ்கேலும் சேர்ந்து வருது மாமா” என்றாள். பிறகு அந்தக் கேள்வி வரவில்லை.

மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்பதை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று மாற்ற 5/18-ஆல் பெருக்க வேண்டும் என்று எல்லோரும் மனப்பாடம் செய்கிறார்கள். 1000 மீட்டரை 3600 வினாடியால் வகுத்தால் வருவதுதான் அந்த 5/18 என்பதை ஒருமுறை போட்டுப் பார்த்தவர்கள், தேர்வறையில் 5/18-ஆ 18/5-ஆ என்று தடுமாற மாட்டார்கள். இதை நான் சொல்லித் தந்தது முண்டியம்பாக்கம் ரயில் நிலையத்தில். எங்கள் ஊருக்கு அடுத்துள்ள சிறிய நிலையம் அது. விரைவு ரயில்கள் நிற்காமல் போகும். நடைமேடையில் தள்ளி நின்றுகொண்டு, ரயிலின் முகப்பு எங்களைத் தாண்டியது முதல் கடைசிப் பெட்டி தாண்டியது வரை அவள் கைப்பேசியில் நேரம் பார்த்தாள். நான் பெட்டிகளை எண்ணினேன். 22 பெட்டிகள், 20 வினாடி. இப்போது ஓடும், எல்.எச்.பி. எனப்படும் புதுவகைப் பெட்டி ஒன்று, இணைப்போடு சேர்த்து ஏறத்தாழ 24 மீட்டர் நீளம். 22 பெட்டிகளுக்கு 528 மீட்டர், இன்ஜினோடு சேர்த்து 550 என்று வைத்துக்கொள்ளலாம். 550-ஐ 20-ஆல் வகுத்தால் வினாடிக்கு 27.5 மீட்டர், 18/5-ஆல் பெருக்கினால் மணிக்கு 99 கிலோமீட்டர். கையில் ஒரு கருவியும் இல்லாமல், ஓடுகிற ரயிலின் வேகத்தைச் சொல்லிவிட்டோம் என்ற மகிழ்ச்சியை அவள் முகத்தில் பார்த்தேன். புத்தகத்தில் இருக்கும் எந்த ரயிலும் அவளுக்கு அந்த மகிழ்ச்சியைத் தந்ததில்லை.

திரும்பி வரும்போது, உலகிலேயே நீளமானது என்று சொல்லப்படும் ஹூப்ளி ரயில் நிலைய நடைமேடையை அதே வேகத்தில் அந்த ரயில் கடந்தால் எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன். 2023-இல் திறக்கப்பட்ட அதன் நீளம் 1507 மீட்டர். 1507-ஐயும் 550-ஐயும் கூட்டி 2057, 27.5-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 75 வினாடி. 550-ஐக் கூட்ட மறந்தால் 55 வினாடி வரும். அது, இன்ஜினின் முகப்பு நடைமேடையின் மறுமுனையைத் தொடும் நேரம். தவறான விடைகளில் பல இப்படித்தான், வேறொரு கேள்விக்குச் சரியான விடையாக இருக்கும். அது எந்தக் கேள்வி என்று கண்டுபிடிக்கச் சொன்னால், பிள்ளைகள் தம் பிழையைத் தாமே பார்த்துக்கொள்கிறார்கள்.

சராசரி வேகத்தைப் பற்றி எழுதும்போது எனக்கு இன்றும் ஒரு வருத்தம் உண்டு. இருபத்து மூன்று வயதில் ஒரு போட்டித் தேர்வு எழுதினேன். ஒருவர் ஓர் ஊருக்கு மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போய், அதே வழியில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் திரும்பினால் சராசரி வேகம் என்ன என்பது கேள்வி. கொடுக்கப்பட்ட நான்கு விடைகளில் 50 இருந்தது. ஒரு நொடியும் யோசிக்காமல் அதைக் குறித்துவிட்டு அடுத்ததற்குப் போனேன். வெளியே வந்து, தேநீர்க் கடையில் நண்பனோடு விடைகளை ஒப்பிட்டபோதுதான் 48 என்று தெரிந்தது. மதிப்பெண் போனதைவிட, கணக்கு எனக்கு வரும் என்று நம்பியிருந்த நான் அந்த இடத்தில் எதையுமே படிக்கவில்லை, இரண்டு எண்களை மட்டுமே பார்த்தேன் என்பதுதான் வலித்தது.

சராசரி வேகம் என்பது வேகங்களின் சராசரி அல்ல. மொத்தத் தொலைவை மொத்த நேரத்தால் வகுத்தால் வருவது. தொலைவு 120 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், போக 3 மணி நேரம், வர 2 மணி நேரம். 240-ஐ 5-ஆல் வகுத்தால் 48. விடை ஏன் 50-க்குக் கீழே வருகிறது என்பதைப் புரிந்துகொள்ளச் சூத்திரம் தேவையில்லை: அவர் மெதுவான வேகத்தில் அதிக நேரம் இருந்திருக்கிறார், அதனால் அந்த வேகத்துக்கு எடை அதிகம். ஒரு மணி நேரம் 40-லும், இன்னொரு மணி நேரம் 60-லும் போயிருந்தால் 50 என்பதே சரியான விடை. இரண்டு வேகங்களின் பெருக்கற்பலனை இரட்டித்து, அவற்றின் கூடுதலால் வகுக்கும் குறுக்குவழி எல்லாப் பயிற்சி மையங்களிலும் சொல்லித் தரப்படுகிறது. தொலைவு சமமாக இருந்தால் மட்டுமே அது செல்லும். நேரம் சமமாக இருக்கும் கணக்கில் அதைப் போடுகிறவர் நான் செய்த தவறைத் தலைகீழாகச் செய்கிறார். ரயில்வேயின் என்.டி.பி.சி. (தொழில்நுட்பம் சாராப் பணிகளுக்கான) முதல்நிலைத் தேர்வில் 90 நிமிடத்தில் 100 கேள்விகள், ஒரு கேள்விக்கு 54 வினாடிதான் என்பதால் குறுக்குவழி வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. தவறான விடைக்கு மூன்றில் ஒரு மதிப்பெண் கழியும் தேர்வில், சமமாக இருப்பது தொலைவா நேரமா என்று பார்க்க ஐந்து வினாடி செலவிடுவதிலும் அதே நியாயம் இருக்கிறது.

இதே இடத்தில் நான் விரும்பிக் கேட்கும் கணக்கு ஒன்று உண்டு. 60 கிலோமீட்டர் பயணத்தில் முதல் 30 கிலோமீட்டரை மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் கடந்துவிட்டீர்கள்; மொத்தப் பயணத்தின் சராசரி மணிக்கு 60 ஆக வேண்டுமானால் மீதி 30 கிலோமீட்டரை என்ன வேகத்தில் கடக்க வேண்டும்? எல்லோரும் முதலில் 90 என்கிறார்கள். சமன்பாடு எழுதினால் 30/30 + 30/வ = 60/60, அதாவது 1 + 30/வ = 1, அதாவது 30/வ = 0. எந்த வேகத்தைப் போட்டாலும் இது சுழியாகாது. சராசரி 60 வேண்டுமென்றால் மொத்தப் பயணமும் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரம் பாதி வழியிலேயே தீர்ந்துவிட்டது. விடை இல்லை என்பதை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் சமன்பாட்டைப் பார்த்த பிறகு, என் தங்கை மகள் வெகுநேரம் நோட்டை மூடவில்லை.

படகுக் கணக்குகள் எளிமையானவை. அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நீரோட்டத்தோடு போனால் அசைவற்ற நீரில் படகின் வேகமும் நீரின் வேகமும் கூடும், எதிர்த்துப் போனால் கழியும். 36 கிலோமீட்டரை ஆற்றோடு 3 மணி நேரத்திலும் ஆற்றை எதிர்த்து நாலரை மணி நேரத்திலும் கடந்தால், கூடுதல் 12, வித்தியாசம் 8. படகு 10, ஆறு 2.

பத்தாம் வகுப்பில் உண்மையான சோதனை இருபடிச் சமன்பாட்டில்தான் வருகிறது. 300 கிலோமீட்டர் பயணத்தில், மழையினால் ஒரு கார் வழக்கமான வேகத்தைவிட மணிக்கு 10 கி.மீ. குறைவாகச் சென்று, ஒரு மணி நேரம் தாமதமாகச் சேர்கிறது. வழக்கமான வேகம் என்ன? இங்கே தொலைவு இரு பயணத்துக்கும் ஒன்று, ஆனால் அதைச் சமப்படுத்தி ஒன்றும் கிடைக்காது. எழுத வேண்டிய வாக்கியம்: ‘மழை நாளில் எடுத்த நேரம், வழக்கமான நேரத்தைவிட 1 மணி அதிகம்.’ அதைக் குறியீட்டில் எழுதினால் 300/(வ − 10) − 300/வ = 1. இருபுறமும் வ(வ − 10)-ஆல் பெருக்கினால் 3000 = வ² − 10வ; ஆகவே வ² − 10வ − 3000 = 0; (வ − 60)(வ + 50) = 0. வேகம் 60.

பிள்ளைகள் இங்கே அடிக்கடி முன்பின்னாக எழுதிவிடுகிறார்கள். வேகம் அதிகமாக இருப்பது வழக்கமான நாளில் என்பதால் அதை முதலில் எழுதி, 300/வ − 300/(வ − 10) = 1 என்கிறார்கள். வேகம் கூடினால் நேரம் குறையும் என்பது அந்த நொடியில் மறந்துபோகிறது. அப்படி எழுதினால் வ² − 10வ + 3000 = 0 என்று வரும்; அதன் தன்மைகாட்டி (b² − 4ac) 100 − 12000, குறை எண். மெய்யான மூலமே கிடையாது. வேகமாகப் போன நாளில் அதிக நேரம் ஆனது என்று நாம் ஒரு பொய் வாக்கியத்தை எழுதிக் கொடுத்தோம். சமன்பாடு அதை ஏற்க மறுத்துவிட்டது. காரணிப்படுத்த முடியாமல் திணறும்போது, எண்களோடு மல்லுக்கட்டாமல் முதல் வரியின் வாக்கியத்துக்குத் திரும்பிப் போகச் சொல்கிறேன்.

கிடைத்த இரண்டு மூலங்களில் −50-ஐ, ‘வேகம் குறை எண்ணாக இருக்காது’ என்று ஒரு வரி எழுதிவிட்டு அடித்துவிடுகிறோம். அந்த வரிக்கும் மதிப்பெண் உண்டு, எழுதத்தான் வேண்டும். ஆனால் அடிப்பதற்கு முன் ஒருமுறை அந்த எண்ணைப் பார்க்கச் சொல்வேன். மழை நாளில் காரின் வேகம் 50. அந்த 50-தான் குறைக்குறியோடு வந்து நிற்கிறது. வ = −50 என்றால் வ − 10 = −60; அதே இரண்டு வேகங்கள் இடம் மாறி, குறி மாறி வந்திருக்கின்றன. மழை நாளின் வேகத்தை ‘வ’ என்று வைத்துத் தொடங்கியிருந்தால் மூலங்கள் 50-ம் −60-ம் ஆகியிருக்கும். இதைக் காட்டியபோது அவள் முந்தைய கணக்குகளையெல்லாம் புரட்டி, அடிக்கப்பட்ட ஒவ்வொரு மூலத்தையும் மற்ற வேகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே போனாள். தேர்வில் இதற்கு மதிப்பெண் இல்லை. எனக்கு இந்தக் கணக்குகளில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சென்ற வாரம் என்னிடம் கணக்கு கேட்காமல், தானே ஒன்று எழுதிக்கொண்டு வந்தாள். பள்ளி வீட்டிலிருந்து 9 கிலோமீட்டர். பள்ளிப் பேருந்து 7.40-க்குக் கிளம்பி, நின்று நின்று போவதையும் சேர்த்து மணிக்கு 24 கி.மீ. வேகத்தில் போகிறது. சாப்பாட்டு டப்பாவை அவள் வீட்டிலேயே மறந்துவிட்டாள். அதை எடுத்துக்கொண்டு அவள் அப்பா 7.50-க்கு வண்டியில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் கிளம்புகிறார். பேருந்தை எங்கே பிடிப்பார்? மேல் வரியில் ‘பேருந்து போன தொலைவு = அப்பா போன தொலைவு’ என்று எழுதியிருந்தாள். அருகிலேயே ‘ந = அப்பா ஓட்டிய நேரம்’. 24(ந + 1/6) = 40ந; 16ந = 4; ந = 1/4. கால் மணி நேரத்தில், வீட்டிலிருந்து 10 கிலோமீட்டரில்.

வழக்கமாக அங்கே இரட்டைக் கோடு போட்டு முடித்துவிடுவாள். இந்த முறை கோடு இல்லை. 10 என்ற எண்ணைக் கட்டமிட்டு, அதிலிருந்து ஓர் அம்பு மேலே போய்க் கணக்கின் முதல் வரியில் இருந்த 9-இல் முடிந்திருந்தது. கீழே இன்னும் நான்கு வரிகள் இருந்தன. பேருந்து 9 கிலோமீட்டருக்கு இருபத்திரண்டரை நிமிடம், 8 மணி 2 நிமிடம் 30 வினாடிக்குப் பள்ளியில் இருக்கும். அப்பா பதின்மூன்றரை நிமிடம், 8 மணி 3 நிமிடம் 30 வினாடிக்கு வருவார். கடைசி வரியை முழு வாக்கியமாக எழுதியிருந்தாள்: ‘வழியில் பிடிக்க முடியாது, ஒரு நிமிடம் வாசலில் நின்றால் டப்பாவை வாங்கிக்கொள்ளலாம்.’